கொக்கித் தராசு பிடித்த தலைவர்

மலையேறும் குழு ஒன்றுக்கு ஒரு பெரிய தலைவர் இருந்தார். அது நான்தான், அதனால் மெதுவாகவே சொல்கிறேன்.

டிசம்பரில் கொடைக்கானல் மேல்மலைக்குப் போனோம். என் ஸ்லீப்பிங் பேக்கை வீட்டிலேயே மறந்துவிட்டேன். மூட்டை சுமக்க அமர்த்தியிருந்த மாசியைக் கூப்பிட்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

“ராத்திரி உள்ளே புகுந்து தூங்க ஒரு ஸ்லீப்பிங் பேக் வாங்கிட்டு வா. உறைபனி தாங்கணும். ஒரு கிலோவுக்கு மேல போகக் கூடாது. ஆயிரம் ரூபாய்க்குள்ள இருக்கணும். கொண்டு வரலேன்னா உனக்கு வேலை இல்லை” என்றேன். கையில் மூட்டைகளை மாட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு வேறு.

மாசி பழைய சாமான் கடையிலிருந்து எண்ணூறு ரூபாய்க்கு ஒன்று வாங்கி வந்தார். தராசில் மாட்டினேன். மூன்று கிலோ!

“லேசா இருக்கணும்னு சொன்னேனா இல்லையா?” என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

“இருங்க சார், லேசாக்கித் தரேன்.”

என் மூட்டையைப் பிரித்து, மடக்கு நாற்காலியையும் பெரிய ஸ்பீக்கரையும் வெளியே வைத்தார். அந்த இடத்தில் ஸ்லீப்பிங் பேக்கைத் திணித்து மூட்டையைத் தராசில் தொங்கவிட்டார். முன்பு இருந்ததைவிட இரண்டு கிலோ குறைவு.

குழுவே சிரித்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

“அந்த மூணு கிலோவை உச்சி வரைக்கும் யாருய்யா சுமக்கிறது?”

மாசி மூட்டையைத் தூக்கித் தன் முதுகில் ஏற்றிக்கொண்டார்.

“நான்தான் சார். நீங்க தராசை மட்டும் எடுத்துட்டு வாங்க.”

என் பையெல்லாம் அவர் முதுகில். தராசை ஒளித்துவைக்க இடமில்லாமல் உச்சி வரைக்கும் கையில் பிடித்துக்கொண்டே நடந்தேன்.