அம்மாவின் லேஸில் மூன்று இதழ்

கடற்கரை ஊர் ஒன்றின் அருங்காட்சியகத்தில், உலகப்போர்க் காலத்தில், கப்பலில் வந்த சீமை நூலால் பின்னிய லேஸ்கள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. அவற்றைப் படம் எடுத்து இணையத்தில் ஏற்றச் சம்பளம் வாங்காமல் வந்து சேர்ந்தவர் யோவேல், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். பொறுப்பாளர் கிரேஸ்லினுக்கு அவருடைய மகளின் வயதுதான் இருக்கும். ஆனால் பின்னத் தெரியாதவர் கையில் அவள் காமிராவைக் கொடுப்பதில்லை. பாவம் மனிதர், எழுபது வயதில் ஒரு மாதம் குரோஷா என்ற கொக்கி ஊசியோடு மல்லுக்கட்டினார். அப்போதிருந்து அவள் அவருக்கு டீச்சர்.

ஒரு நாள் காலையில் யோவேல் கணினித் திரையைக் காட்டினார்.

“டீச்சர், இது எங்கம்மா பின்னுனது. சீட்டுல பேரு இருக்கு.”

திரையில் பூக்கள் வரிசையாக, ஒன்றுபோல இருந்தன. கிரேஸ்லின் பெட்டியிலிருந்து அசலை எடுத்துக் கறுப்புத் துணிமேல் விரித்தாள். அதில் கடைசிப் பூவுக்கு மூன்றே இதழ்.

“நீங்களா நிரப்புனீங்க?”

“ஆமா. பக்கத்துப் பூவ எடுத்து ஒட்டிட்டேன்.” அவர் முகம் சிறுத்தது. “அம்மா ஒரு வேலையையும் பாதியில போட்டவ இல்ல. கழுவுன பானையக்கூட ரெண்டு தடவ தொட்டுப் பாப்பா. இத மட்டும் ஏன் விட்டா? எனக்கு ஒண்ணும் புரியல. சாயங்காலம் உலகமே பாக்கப் போவுது. அவள சோம்பேறின்னு நெனச்சிருவாங்களே.”

கிரேஸ்லின் ஊசியையும் சின்ன நூல்கண்டு ஒன்றையும் நீட்டினாள்.

“அதே பூவ ஒண்ணு போடுங்க அண்ணாச்சி.”

கேட்டதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு விளங்கவில்லை. எரிச்சலாகக்கூட இருந்தது. ஆனாலும் டீச்சர் சொல்லைத் தட்டமுடியுமா? கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் இதழ் கோணிப்போனது. பிரித்துவிட்டு மறுபடி போட்டார். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது அவருக்கே பிடித்துப்போய், திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலாவதுக்கு இழுத்தபோது நூலின் நுனி கைக்கு வந்துவிட்டது.

“நூலு தீந்துட்டு டீச்சர். இன்னொரு கண்டு தாருங்க.”

“இல்ல.”

“இப்பத்தான் கை ஓடுது. எப்போ கெடைக்கும்?”

“கப்பல் வரணும்லா அண்ணாச்சி. போர் முடியட்டும்.”