பெரிய சுழி

"என்னை ஏன் கோச் இறக்கி விட்டீங்க?"

இளம்பரிதி இதைக் கேட்டது பயிற்சியாளர் ஷீபாவிடம். ஏரியில் இன்னும் வெயில் ஏறவில்லை. அவன் அதற்குள் களைத்திருந்தான்.

மாநில அணியின் இரட்டையர் படகில் துடுப்புப் போடும் டேவிட்டுக்குப் பின்னால் ஓர் இருக்கை. பல வருடங்களாக அது இளம்பரிதியுடையது. நேற்று ஷீபா அதில் மீரானை உட்கார வைத்துப் பார்த்தாள். இன்று சாயங்காலம் யாராவது ஒருவர் பெயரை அனுப்பியாக வேண்டும். இவனுக்கோ வயது ஏறிவிட்டது. இந்த முறை எழுந்தால் பிறகு உட்கார இடம் கிடையாது.

ஷீபா அவனைவிடச் சிறியவள். அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. பதிலை மட்டும் லேசில் தரமாட்டாள்.

அவன் மனதில் இருந்ததைக் கொட்டினான். துடுப்பு மாட்டும் வளையத்தில் போன மாதம் ஒரு கருவியைப் பொருத்தியிருந்தார்கள். ஒவ்வொரு இழுப்பிலும் துடுப்பில் எவ்வளவு விசை என்று அது காட்டும். மீரானைவிட இவனுக்கு எப்போதும் அதிகம். இவன் துடுப்பை எடுத்த இடத்தில் தண்ணீர் குடம் குடமாய்ச் சுழலும். மீரான் எடுத்த இடத்தில் துடைத்துவிட்டது போல இருக்கும்.

"ஆனா நான் இருந்தா படகு மெதுவாப் போகுதுங்கிறீங்க. இத்தனை வருஷம் இழுத்ததெல்லாம் விழலுக்கு இறைச்ச தண்ணியா?"

அழக்கூடத் தோன்றாத அளவுக்கு அலுத்துப் போயிருந்தான்.

ஷீபா அதே கருவி பொருத்திய ஒற்றை ஆள் படகைத் துறையருகே தண்ணீரில் இறக்கினாள்.

"உட்காருங்கண்ணா."

"கையில தெம்பில்ல."

"உட்காருங்க."

உட்கார்ந்தான். துடுப்புப் போடுகிறவர்கள் போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்கள். விட்டு வந்த தண்ணீர் மட்டும்தான் அவர்கள் கண்ணில் படும். இன்றைக்கு அதையும் பார்க்க வேண்டாம், கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்றாள். அந்தப் பயிற்சி அவனுக்குப் புதிதில்லை. மூடினான்.

எதிரே தண்ணீர் சலசலத்தது. அவள் கரையேறுகிறாள் என்று நினைத்தான்.

இழுத்தான். தண்ணீர் கனமாக இருந்தது. கனத்தால் அவனுக்குச் சந்தோஷம். தண்ணீரை நன்றாகப் பிடித்திருக்கிறோம் என்பதற்கு அவனிடம் இருந்த அடையாளமே அந்தக் கனம்தான். காலையும் முதுகையும் சேர்த்துக் கொடுத்தான்.

"இன்னும்," என்று அவள் குரல் பக்கத்தில் கேட்டது. வழக்கம்போலக் கரையோரமாகச் சைக்கிளில் கூடவே வருகிறாள் போலிருக்கிறது.

மூச்சு இரைத்தது. தோள் எரிந்தது. இந்த வருடத்தில் இப்படி ஒரு நாள் வாய்க்கவில்லை.

"போதும்ணா."

கண்ணைத் திறந்ததும் முதலில் எண்ணைப் பார்த்தான். கருவி அவனுக்கு இதுவரை காட்டாத எண்ணைக் காட்டியது.

"பாத்தீங்களா கோச்?" என்று நிமிர்ந்தான்.

துறை எதிரிலேயே இருந்தது. துறையின் கம்பத்திலிருந்து படகின் கோடிக்கு இழுத்துக் கட்டிய ஒரு கயிறு. ஷீபா பலகைமேல் உட்கார்ந்து தண்ணீரில் காலைத் தொங்கவிட்டிருந்தாள். அவன் கிளப்பிய சுழிகளெல்லாம் படகின் இரு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொதித்துக்கொண்டிருந்தன.

அவனுக்குக் கோபம் வந்தது.

"கட்டிப் போட்டுட்டு இழுக்கச் சொன்னா எப்படிப் போகும்?"

"கட்டியிருக்குன்னு அந்தக் கருவிக்குத் தெரியல."

அவன் கயிற்றைப் பார்த்தான்.

"உங்களுக்கும் தெரியலையேண்ணா."

சுழிகள் அடங்கும்வரை அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். அவமானமாக இருந்தது. அவள்மீது கோபம் வைத்துக்கொள்ளக்கூட உடம்பில் மிச்சம் இல்லை.

"சாயங்காலம் யார் பேரை அனுப்பறது?"

அவளும் களைத்த குரலில்தான் கேட்டாள்.

"மீரான்," என்றான்.

ஷீபா கயிற்றை அவிழ்த்தாள். குனிந்து படகைத் தள்ளிவிட்டாள்.

இனி யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. நிரூபிக்கத் தெம்பும் இல்லை. துடுப்பைத் தண்ணீரில் வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான். கைக்கு எந்தக் கனமும் தட்டுப்படவில்லை. எண்ணைப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

துறையில் ஷீபா எழுந்து நின்று, வாயருகே கையைக் குவித்து ஏதோ கத்தினாள்.

அவனுக்குக் கேட்கவில்லை. அவ்வளவு தூரம் வந்திருந்தான்.