குழாய் முடியும் இடம்

“மேடம், தப்பு எங்க இருக்குன்னு மட்டும் சொல்லிடுங்க. திருத்திடறேன்.”

சூசைநாதன் குழுத் தலைவி ஃபரீதாவின் மேஜை முன் நின்றுகொண்டே கேட்டார். நாற்பத்தெட்டு வயது. இருபது வருஷம் கத்தாரில் சாலை வரைபடங்கள் போட்டுவிட்டுத் திருச்சிக்குத் திரும்பியவர். ஃபரீதாவுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. இருந்தும், ‘அந்தப் பொண்ணு கையில தேறின மாடல் தரையில தோற்காது’ என்று நாலு பேர் சொல்லக் கேட்டு, அவரே வலியப் போய் அவள் குழுவில் சேர்ந்திருந்தார்.

விஷயம் இதுதான். அரியலூர் பக்கம் ஒரு சாலையை அகலப்படுத்துகிறார்கள். குறுக்கே வரும் ஓடையைச் சாலைக்கு அடியில் கடத்திவிட ஒரு பழைய குழாய் இருக்கிறது. சாலை அகலமானால் குழாயும் நீள வேண்டும். நீண்ட குழாயின் வாயில் மண்ணைத் தாங்கிப் பிடிக்க ஒரு சுவர் வேண்டும். ஹெட்வால் என்பார்கள். அதன் இரண்டு பக்கமும் சாய்வாக விரியும் சிறகுச் சுவர்கள். இத்தனையையும் கம்ப்யூட்டரில் அச்சு அசலாக ஒரு மாடலாய்க் கட்டிக் காட்டுவது சூசைநாதன் வேலை.

முதல் தடவை மாடலைத் திருப்பி அனுப்பியபோது ஃபரீதா ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள்.

“குழாய் சுவருக்குள்ளேயே நின்னுடுச்சே சார். தண்ணி சுவருக்குள்ள இறங்கிக்குமா?”

பார்த்தார். சாஃப்ட்வேர் குழாயைச் சுவரின் நடுக்கோட்டோடு நிறுத்தியிருந்தது. வெளிமுகம் வரைக்கும் இழுத்து விட்டார்.

இரண்டாம் தடவை: “குழாய்க்குத் தோல் கிடையாதா?”

சுவரில் விட்ட ஓட்டை குழாயின் உள்வாய் அளவுக்கே இருந்தது. கான்கிரீட்டின் கனத்தைச் சேர்க்க மறந்திருந்தார். சேர்த்தார்.

மூன்றாம் தடவை கேள்வியே இல்லை. மாடல் மட்டும் திரும்பி வந்தது.

இரண்டு நாள் தேடினார். மட்டங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஒன்றோடொன்று மோதுகிறதா என்று சோதனை ஓட்டினார். திரையில் ஒரு சிவப்புப் புள்ளிகூட எழவில்லை. திங்கட்கிழமை வரைபடம் ஒப்பந்தக்காரர் கைக்குப் போயாக வேண்டும்.

அதனால்தான் இப்படி வந்து நிற்கிறார்.

“மாடல் சுத்தமா இருக்கு சார்,” என்றாள் ஃபரீதா.

“அப்புறம் ஏன் திருப்பி அனுப்பினீங்க?”

“அந்தச் சுவர் பக்கத்துல நின்னு பார்த்தீங்களா?”

“நாலு பக்கமும் சுத்திப் பார்த்துட்டேன். அடியிலேர்ந்துகூடப் பார்த்தேன்.”

“நின்னு?”

அவருக்குச் சுருக்கென்றது.

“கட்டாத சுவர் பக்கத்துல எப்படி மேடம் நிக்கிறது?”

ஃபரீதா எழுந்தாள். மேஜையிலிருந்து ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

ஓடை இருக்கும் இடத்துக்கு இருவரும் ஜீப்பில் கிளம்பினார்கள். சூசைநாதன் மனசுக்குள் நாலைந்து பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தார்.

போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. வெயில் ஏறியிருந்தது. ஓடை வறண்டு கிடந்தது. பழைய குழாயின் நிழலுக்குள் ஓர் ஆடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

வரைபடப் புள்ளியைத் தரையில் காட்டும் ஜி.பி.எஸ். கம்பத்தையும் ஒரு பை சுண்ணாம்புத் தூளையும் ஃபரீதா அவர் கையில் கொடுத்தாள்.

“உங்க மாடலைத் தரையில போடுங்க சார்.”

போட்டார். பழைய வாயிலிருந்து குழாயின் கோடு, நேராக ஆறு மீட்டர். அதன் முடிவில் ஹெட்வால். இடப்பக்கம் ஒரு சிறகு. வலப்பக்கம் ஒரு சிறகு. வெள்ளைக் கோடுகள் மண்ணில் பளிச்சென்று விழுந்தன. நூல் பிடித்தாற்போல் இருந்தது. அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

வலது சிறகின் கடைசிப் புள்ளி ஒரு முள்வேலிக்குள் விழுந்தது. எட்டிக் கம்பத்தை ஊன்றினார்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். கையில் கரண்டி.

“என்னங்க கோடு இது?”

“புதுச் சுவர் வருதும்மா. ரோடு அகலமாவுதுல்ல.”

“யாரு போடறது?”

சூசைநாதன் திரும்பி ஃபரீதாவைப் பார்த்தார். அவள் மைல்கல் மேல் உட்கார்ந்து கையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“நாந்தான்,” என்றார்.

“அப்ப தண்ணி இந்த எடத்துல வெளிய வருமா?”

“ஆமா.”

“வந்து?”

அவர் திரும்பினார். சுண்ணாம்புக் கோட்டுக்கு முதுகைக் காட்டி, தண்ணீர் எந்தப் பக்கம் பார்த்து வருமோ அந்தப் பக்கம் பார்த்து நின்றார்.

எதிரே முள்வேலி. துவைக்கிற கல். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீடு. திறந்திருந்த பின்கதவு வழியே அடுப்பும், அடுப்பில் கொதிக்கிற குழம்பும் தெரிந்தன.

ஓடையைத் தேடினார். அது பழைய வாயை விட்டு வெளியே வந்ததுமே இடப்பக்கம் திரும்பியிருந்தது. திருப்பம் அவருக்கு ஆறு மீட்டர் பின்னால் கிடந்தது.

நிலஅளவையில் அந்த வீடு இருந்தது. அவருக்கு நன்றாக நினைவிருந்தது. மாடலில் கட்டடங்களுக்கென்று தனி லேயர், வேண்டாதபோது மறைத்துவைக்கிற அடுக்கு. குழாயை மறைக்கிறதே என்று முதல் நாளே அதை அணைத்து வைத்தவர் அவர்தான்.

ஃபரீதாவிடம் திரும்பிக் கேட்டார்: “மேடம், இந்த வீடு இருக்கறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“இல்லையே. நானும் இன்னிக்குத்தான் வர்றேன்.”

“அப்ப எதை வெச்சுத் திருப்பி அனுப்பினீங்க?”

“மாடல்ல ஓடை நேரா போச்சு. நேரா போற ஓடையை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல.”

வேலிக்குப் பின்னால் நின்ற பெண் பொறுமையிழந்தாள்.

“நீங்க ரெண்டு பேருமே பேசிக்கிட்டா எப்படி? எங்க வூட்டுக்குள்ள தண்ணி வருமா, வராதா? ஐப்பசிக்கு இன்னும் ஒன்றரை மாசந்தான் இருக்கு.”



சூசைநாதன் கம்பத்தைத் தரையில் கிடத்தினார். ஷூவைக் கழற்றினார். பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டார்.

“உங்க பேரு என்னம்மா?”

“பூங்காவனம்.”

“போன மழைக்குத் தண்ணி எப்படிப் போச்சுன்னு எனக்குச் சொல்றீங்களா?”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“வாயால சொன்னா வெளங்காது.”

கரண்டியை வேலியில் செருகினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வேலியைச் சுற்றிப் பழைய குழாயின் வாய்க்குப் போனாள். ஆட்டை விரட்டிவிட்டு அங்கிருந்து புறப்பட்டாள்.

“இப்படி ஓடியாரும். இந்தப் பாறையில முட்டும். முட்டிச் சுழிச்சிக்கிட்டு இந்தாண்ட திரும்பும்.”

சூசைநாதன் அவள் கால் வைத்த இடத்திலெல்லாம் கால் வைத்துப் பின்னால் போனார். மண் சுட்டது.

பூங்காவனம் நின்று திரும்பிப் பார்த்தாள்.

“இவ்வளவு மெதுவாவா தண்ணி வரும்?”

சூசைநாதன் ஓடினார்.