ஒற்றை நூலில் தைத்த போர்

விரல் கிடையாது, தைக்கும். தைத்ததை உடுத்தாது, அதற்குள்ளே படுத்துக்கொள்ளும். அது யார்? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

அந்தக் காலத்தில், பறவைகளும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசி வந்தபோது, கூரிய அலகுள்ள ஒரு சிட்டு அரண்மனையில் தையல் வேலை பார்த்தது. அந்நாட்டு அரசர் அக்கரை நாட்டை வென்று திரும்பியதும், போர் முழுவதையும் நீண்ட வெள்ளைத் துணியில் பூவேலையாகத் தைத்துத் தரச் சொன்னார். தம் மகள் ஆதித்தி அதைப் பார்த்துத்தான் அப்பாவின் வெற்றியை அறியவேண்டும் என்பது அவர் ஆசை.

அந்நாளில் பூவேலை என்றால் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே நூல்தான். முடிச்சுப் போட்டால் வேலை தெரியாதவர் என்று சிரிப்பார்கள். சிட்டும் முடிச்சில்லாமல் குதிரைமேல் அரசரைத் தைத்தது, யானைகளைத் தைத்தது, வேல்களைத் தைத்தது, எரியும் ஊர்களைத் தைத்தது. ஆற்றோரத்தை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து கடைசியில் தைத்தது. படை கடக்கப் பாலம் போட அங்கே ஓர் அத்தி மரத்தை வெட்டியிருந்தார்கள். சிட்டின் கூடும் முட்டைகளும் அந்த மரத்தில்தான் இருந்தன. பாலத்தைத் தைத்தது, மரத்தைத் தைத்தது, கவிழ்ந்த கூட்டையும் தைத்து முடித்தது.

அரசர் மகளோடு வந்து பார்த்தார். குதிரையின் வால் இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருக்கலாம் என்றார். பிறகு கூடு கண்ணில் பட்டது.

“வெற்றிச் சீலையில் குருவிக்கூட்டுக்கு என்ன வேலை?”

“அதுவும் அந்தப் போரில் விழுந்ததுதான், அரசே.”

“பிரித்துவிடு.”

“பார்த்ததைத் தைத்தேன். அதைப் பிரிக்க எனக்கு அலகு வராது.”

அரசர் தாமே நூல் முனையைப் பிடித்து இழுத்தார். கூடு வந்தது. பின்னாலேயே மரமும் பாலமும் வந்தன. இன்னும் சற்று இழுத்தால் நூல் அறுந்துவிடும் என்று நினைத்து இழுத்தார். ஊர்கள் அணைந்தன, யானைகள் துதிக்கையோடு உருவிக்கொண்டு போயின. கடைசியில் குதிரையும் போயிற்று.

ஆதித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். “அப்பா, நீங்களும் நூலோடு உருவி வந்துவிட்டீர்கள்” என்றாள்.

அரசர் காலடியில் போர் முழுவதும் சிக்கலாகக் கிடந்தது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிட்டு அந்தச் சிக்கலைக் கொத்திக் கொத்தி, நல்ல நூல் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தது.

“இவ்வளவு நூலில் ஒரு படம்தான் வரும், அரசே. இனி ஒவ்வொரு தையலுக்கும் தனித் துண்டு நூல். ஒன்றை யார் உருவினாலும் அடுத்தது நிற்கும். என் கூட்டையும் இனி இப்படித் தைத்தே கட்டப்போகிறேன்” என்றது.

அரசர் மகளின் அருகில் உட்கார்ந்தார். “சீலை உன்னுடையது, தாயே. என் குதிரையா, சிட்டின் கூடா? நீயே சொல்.”

அந்தச் சிட்டின் வழியில் வந்ததுதான் நம் தோட்டத்துத் தையல்சிட்டு. அன்று முதல்தான் அது இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுகிறது. ஒரு தையல் விட்டாலும் மற்றவை விடாமல் நிற்கின்றன.

ஆதித்தி கூட்டைத் தைக்கச் சொன்னாள்.