வகுபடாத மீசை

கொக்குமேட்டு ஜமீன்தாருக்குத் திடீரென்று கணக்கின் மேல் பக்தி வந்துவிட்டது. ஆயிரத்துக்கு மேலே, ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் வகுபடாத எண்ணைச் சொல்பவருக்கு நாலு ஏக்கர் வயல் என்று தண்டோரா போட்டார்.

கணக்கு வாத்தியார் அனவரதம் போய், "ஆயிரத்தொன்பது" என்றார்.

"வகுபட்டுட்டுன்னா?"

"என் மீசையை எடுத்துருங்க."

நாற்பது வருஷம் விளக்கெண்ணெய் தடவி வளர்த்த மீசை. சொன்ன பிறகுதான் மனுஷர் அதை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வகுத்துப் பார்ப்பதற்காக அரண்மனையில் ஆயிரத்தொன்பது கொழுக்கட்டை அவித்துக் கொடுத்தார்கள். வாத்தியார் தம் சீடர்கள் மூவரையும் கூப்பிட்டார். "ரெண்டு ரெண்டா, மூணு மூணா, முப்பத்தொண்ணு வரைக்கும் அடுக்கிப் பாருங்க. மீதி வந்தா நமக்கு ஜெயம். எதையும் வீணாக்கக் கூடாது."

இரண்டிரண்டாக அடுக்கினார்கள். ஒன்று மிஞ்சியது.

"மீதி வந்துட்டுலே!" என்றான் ஆவுடை.

"அதை என்ன செய்ய?" என்றான் சங்கிலி.

"வீணாக்கக் கூடாதுன்னு வாத்தியார் சொல்லியிருக்காருல்லா?" என்று உச்சிமாகாளி அதை விழுங்கினான்.

மூன்று மூன்றாக அடுக்கினார்கள். மீதியே இல்லை. மூவருக்கும் வியர்த்துவிட்டது. வெகுநேரம் ஆலோசித்து, அடுக்கிலிருந்து இன்னொன்றை எடுத்துத் தின்றார்கள். உடனே இரண்டு மிஞ்சியது. அதையும் வீணாக்கவில்லை. இப்படி முப்பத்தொன்று வரை போய், ஜெயித்த ருசியில் மறுபடி இரண்டிலிருந்து தொடங்கினார்கள். பாவம், அண்டா காலியாகும் வரை உழைத்தார்கள்.

மறுநாள் சபையில் ஜமீன்தார், "எண் எங்கே?" என்றார்.

"எங்க வயித்துல இருக்கு எசமான்" என்றார்கள் சீடர்கள்.

"அப்ப நீங்களே வரிசையா நில்லுங்க."

மூவரும் நின்றார்கள். ஜமீன்தார் இரண்டிரண்டாகப் பிரித்தார். ஒருவன் மிஞ்சினான். வாத்தியாருக்கு உயிர் வந்தது.

அந்தச் சபையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. வேலையில்லாமல் நிற்பவர் யாரானாலும் வரிசையில் போய் நிற்க வேண்டும். மீசை எடுக்க வந்திருந்த நாவிதருக்கு இப்போது வேலையில்லை. மரியாதையாகப் போய் நின்றார்.

ஜமீன்தார் எண்ணினார். "நாலு! வகுபட்டுட்டு. மீசையை எடும்!"

நாவிதர் கத்தியோடு வெளியே வந்தார்.

"பொறும்! இப்ப மூணு பேர்தான். மீதி வருது. எடுக்காதேயும்."

நாவிதர் வரிசைக்குத் திரும்பினார்.

"நாலு! எடும்!"

உச்சிப்பொழுது வரை இதே நடை. கடைசியில் நாவிதர் ஒரு காலை வரிசைக்குள்ளும் ஒரு காலை வெளியிலுமாக வைத்து நின்றுவிட்டார். "இதுக்கு மேல என்னால ஆகாது எசமான்."

ஜமீன்தார் குனிந்து அந்த இரண்டு காலையும் பார்த்தார். "வரிசையில இப்ப மூணரைப் பேர். பாதி மீசையை எடும். வாத்தியாருக்கு ரெண்டு ஏக்கரைக் கொடுங்க."

வலது பாதி விழுந்தது. இடது பாதி முகத்திலேயே நின்றது. வாத்தியார் தேம்பித் தேம்பி அழுதார்.

சீடர்கள் துள்ளிக் குதித்தார்கள். "மீதி வந்துட்டு வாத்தியாரே! ஜெயம் நமக்குத்தான்!"

உச்சிமாகாளி மட்டும் குதிக்கவில்லை. அந்த இடது பாதியையே பார்த்துக்கொண்டு, கொஞ்சம் உப்பு கிடைக்குமா என்று கேட்டான்.