வாய்க்கரிசியோடு உயில் கேட்ட ராஜா

முன்னொரு காலத்தில் நாவற்காட்டுச் சீமையை அதிவீரவேள் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் தோன்றியதைத் தோன்றிய நேரத்தில் சட்டமாக்கிவிடுகிற மனுஷர். ஒரு வருஷம் அவரை இருமல் பிடித்துக்கொண்டது. வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மருந்துப் பெட்டியை மூடிக்கொண்டு போனார். அன்றைக்கே ராஜா ஒரு சட்டம் போட்டார்: "அவையில் சாவு என்ற சொல்லை எவனும் எடுக்கக் கூடாது!" சொல் நின்றது. இருமல் நிற்கவில்லை.

அவருக்கு இரண்டு ஆண்பிள்ளைகள், கடைசியாக ஒரு பெண். பிள்ளைகளுக்குத் தனித்தனி மாளிகை, யானை, பரிவாரம். பெண் கோதை, கல்யாணமான மறுவருஷமே புருஷனைப் போரில் பறிகொடுத்து அப்பா வீட்டுக்குத் திரும்பியவள். ராஜாவுக்குக் கஷாயம் காய்ச்சுவதும், இருமும்போது நெஞ்சைத் தடவிவிடுவதும் அவள்தான். தனக்குப் பின் இவள் எங்கே போவாள் என்ற கவலை அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

"சண்டை வராத ஓர் ஓலை வேண்டும்" என்றார் அவையில். நாம் இப்போது உயில் என்கிறோமே, அதுதான். "எழுதுகிறவனுக்குப் பல்லக்கு. அந்த ஓலையால் என் வீட்டில் சண்டை வந்தால் அவன் தலை போகும்!"

அரண்மனை ஓலைகளையெல்லாம் எழுதும் ஓலைநாயகம் மதிவாணர் முந்திக்கொண்டு எழுந்தார். தமக்கு மேல் எழுதத் தெரிந்தவன் பிறக்கவில்லை என்ற நினைப்பு அவருக்கு. மூன்றே நாளில் முப்பத்திரண்டு ஏடு எழுதிக் கொண்டுவந்தார். முக்கால்வாசி ராஜாவின் புகழ். கோதைக்கு ஒரே ஒரு வரி: "என் மகளை என் மைந்தர்கள் கண்போல் காத்துக்கொள்வார்களாக."

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆகா! என் மனசில் இருந்ததை அப்படியே எழுதிவிட்டீர்!"

மந்திரி கூத்தனார் மெல்லத் தொண்டையைக் கனைத்தார். "மகாராஜா, முத்திரை வைக்கும் முன் இன்னொருவரிடமும் காட்டலாம். சாத்தன் என்று ஒருவன், ஜனங்களுக்கு ஓலை எழுதித் தருகிறான்."

"சுடுகாட்டுப் பாதையில் உட்கார்ந்திருப்பானே, அவனா?" என்று சிரித்தார் மதிவாணர். "அரண்மனை வாசலில் உட்காரக்கூட அவனுக்கு யோக்கியதை இல்லை."

ராஜா ஆள் அனுப்ப, சாத்தன் வந்தான். ஏடுகளைப் படித்தான். முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை.

"ஏனப்பா, சுடுகாட்டுப் பாதையில் ஏன் கடை போட்டாய்?" என்றார் ராஜா.

"அங்கே வரும்போதுதான், மகாராஜா, ஜனங்களுக்கு ஓலை ஞாபகம் வருகிறது."

"சரி. இந்த ஓலை எப்படி?"

"நீங்கள் செத்த பிறகுதான் தெரியும்."

அவை நடுங்கிப்போயிற்று. காவலன் வாளில் கை வைத்தான். சாத்தன் அசையவில்லை. "முன்னாலேயே தெரிய வேண்டுமானால் என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. எழுதச் சொன்னவர் ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். உறவினர் முன்னால் ஓலையை வாசிப்பேன். முடிகிறவரை அவர் பேசக் கூடாது, சைகையும் கூடாது. செத்தவர் எழுந்து வந்து விளக்கம் சொல்ல மாட்டார், பாருங்கள்."

"உயிரோடு இருக்கிற எனக்கே வாய்க்கரிசியா!" ராஜா கத்தினார். பிறகு என்ன தோன்றியதோ, சிரித்துவிட்டார். "கொண்டு வா அரிசியை. சண்டை வராவிட்டால் உன் தலை!"

பிள்ளைகள் வந்தார்கள். வாய் நிறைய அரிசியோடு ராஜா இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாத்தன் அறிவித்தான்: "ராஜா இறந்துவிட்டார். இனி இது அவருடைய வார்த்தை." முதலில் எல்லோரும் பயந்துகொண்டுதான் கேட்டார்கள். பதினைந்து ஏடு தாண்டியதும், பேசாத ராஜாவை எல்லோரும் மறந்துபோனார்கள். கோதையின் வரி வந்தது.

"அண்ணா, நீதான் பட்டத்துக்கு உரியவன். அவள் உன் வீட்டில் இருப்பதுதான் முறை" என்றான் இளையவன்.

"என் வீட்டில் பட்டாபிஷேகம் நடக்கப்போகிறது. தாலி அறுத்தவளை எங்கே நிறுத்துவேன்? உன் மாளிகையில்தான் இடம் கிடக்கிறதே!"

"என் பெண்டாட்டி சம்மதிக்க மாட்டாள்."

"அப்படியானால் கோயிலில் விட்டுவிடலாம். ஒரு வேளைச் சோறு போடுவார்கள்."

"யார் அனுப்புவது, நீயா நானா?"

கோதை கஷாயக் கிண்ணத்தோடு நடுவில் நின்றிருந்தாள். யாரும் அவளைப் பார்த்துப் பேசவில்லை. ராஜாவின் கன்னம் நனைந்தது. எழுந்து ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது, ஆனால் செத்தவர் எழக் கூடாதே. அவர் பெற்ற பிள்ளைகள்தானே இருவரும்.

கடைசி ஏடு முடிந்தது. ராஜா அரிசியைத் துப்பினார். மகன்கள் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்கள். மதிவாணர் தொப்பென்று காலில் விழுந்தார்.

"மகாராஜா, என் தலை..."

"சாத்தா, நீ சொல். இவரை என்ன செய்யலாம்?"

"தலை அவரிடமே இருக்கட்டும். ஒரு வருஷம் என்னோடு சுடுகாட்டுப் பாதையில் உட்கார்ந்து எழுதட்டும். பல்லக்கு எனக்கு வேண்டாம், ஏறினால் ஜனங்கள் கிட்டே வர மாட்டார்கள்."

சாத்தன் எழுதியது இரண்டே ஏடு. 'காத்துக்கொள்வார்களாக' என்ற பேச்சே அதில் இல்லை. ஆற்றூர்க் கிராமம் கோதைக்கு. நான்கு எல்லையும் பெயரோடு. சொத்தில் பங்கில்லாத மூன்று பேர் சாட்சி. நிறைவேற்றும் பொறுப்பு கூத்தனாருக்கு. ராஜா முத்திரை வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டார்.

"இனி உன்னை யாரும் அசைக்க முடியாதம்மா. சந்தோஷம்தானே?"

"ஊர் கிடைத்ததப்பா" என்றாள் கோதை. "காலையில் எனக்கு இரண்டு அண்ணன்களும் இருந்தார்கள்."

ராஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

மார்கழி பிறப்பதற்குள் அவர் போய்விட்டார். ஓலையை வாசித்தார்கள், ஒரு சண்டையும் வரவில்லை. கோதை ஆற்றூருக்குப் போய்த் தன் வீட்டில் தனியாக இருந்தாள். பொங்கலுக்குப் பொங்கல் அண்ணன்மார் சீர் வருமென்று வாசலைப் பெருக்கிக் கோலம் போட்டு வைப்பாளாம். யாரும் வந்ததாகக் கதையில் இல்லை.