தேரி ஓரத்து ஓணான்

அந்தக் காலத்தில், மாட்டுக்கும் மனுஷனுக்கும் ஓணானுக்கும் பேச்சு ஒன்றாக இருந்தபோது, தெற்குச் சீமையில் ஒரு பாறைக்குன்றின் அடிவாரத்தில் ஓர் ஓணான் குடியிருந்தது. குடியிருந்தது என்று சும்மா சொன்னால் போதாது. அந்தக் குன்றையே பாட்டன் சொத்தாக எழுதி வாங்கியதுபோலத்தான் நடந்துகொள்ளும். குன்றைப் பார்க்க வருகிறவர்களுக்கு வழி காட்டுவது அதன் தொழில். வண்டியின் நுகத்தடியில் ஏறி உட்கார்ந்து, இந்தக் கல் இன்னது, அந்தக் குகை இன்னது என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வரும். கூலி எதுவும் கேட்காது. "அண்ணாச்சி" என்று கூப்பிட்டால் போதும், அதற்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அதனிடம் ஒரு குறை உண்டு. 'தெரியாது' என்கிற சொல் மட்டும் அதன் வாயில் வராது. தெரிந்ததைக் கேட்டால் விடிய விடியச் சொல்லும். தெரியாததைக் கேட்டால் மேலும் கீழும் தலையை ஆட்டிவிடும். கேட்டவரும் நிம்மதியாகப் போய்விடுவார். யாரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை. "இது பெரிய ராஜா வெட்டின குகையா?" என்று கேட்பார்கள். அதற்குத் தலையாட்டினால் யார் குடி முழுகிவிடப்போகிறது?

அறுவடை முடிந்து கை ஓய்ந்த சமயத்தில், சுடலைக்கண்ணு என்கிற சம்சாரி தன் பெண்டாட்டி ஆவுடைத்தாயோடு ஒற்றை மாட்டு வண்டியில் அங்கே வந்து சேர்ந்தான். கடல் பார்க்கக் கிளம்பியிருந்தார்கள். பிறந்ததிலிருந்து இரண்டு பேரும் கடலைக் கண்ணால் கண்டதில்லை. போகிற வழிதானே, குன்றையும் பார்த்துவிடலாம் என்று வண்டியை நிறுத்தினார்கள்.

வண்டியை இழுத்து வந்தவன் செவலை. கன்றாக இருக்கும்போதே தாய்ப்பசு செத்துப்போக, ஆவுடைத்தாய் கஞ்சி ஊற்றி வளர்த்த காளை. அவள் கல்யாணமாகி வந்தபோது கூடவே நடந்து வந்தவன். அவளை "அக்கா" என்றுதான் கூப்பிடுவான். உப்பு என்றால் அவனுக்கு உயிர். கடல் முழுக்க உப்புத் தண்ணீர் என்று யாரோ அவன் காதில் போட்டுவிட்டார்கள். அதிலிருந்து பயலுக்குத் தூக்கமே இல்லை.

"எம்புட்டு உப்பு இருக்கும் அக்கா? நம்ம அடுக்குப்பானை அளவுக்கு இருக்குமா?"

"நீ ஆயுசுக்கும் நக்கினாலும் தீராதுடா. பேசாம நட" என்றாள் ஆவுடைத்தாய், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

ஓணான் நுகத்தடியில் ஏறிக்கொண்டது. முதலில் குகைக்குக் கூட்டிப்போனது. அங்கே ஒரு கல் யானை. முன்பாதிதான் யானை, பின்பாதி வெறும் பாறை. செதுக்கியவன் பாதியில் விட்டுப் போயிருந்தான்.

"செதுக்கினவன் செத்துப்போனானோ?" என்று சுடலைக்கண்ணு கேட்டான். ஓணான் தலையாட்டியது.

"பசிச்சு வீட்டுக்குப் போயிருப்பானோ?" என்று செவலை கேட்டான். அதற்கும் தலையாட்டியது.

"அக்கா, அண்ணாச்சி எதைக் கேட்டாலும் ஆமாங்காரு."

"வாயை மூடிட்டு வா. பெரியவங்களைக் கேலி பண்ணாத" என்று சுடலைக்கண்ணு அதட்டினான்.

அப்புறம் கல் படுக்கைகளைக் காட்டியது. எந்தக் காலத்து முனிவர்களோ பாறையிலேயே படுக்கை வெட்டி, தலைமாட்டுக்குக் கல்லிலேயே தலையணையும் வைத்திருந்தார்கள். ஆவுடைத்தாய் ஒன்றில் படுத்துப் பார்த்தாள். வெளியே அத்தனை வெயில், அவள் முதுகிலோ ஜில்லென்று ஏறியது. அதைத் தாண்டினால் சரிவில் ஒரு பாறை, உருட்டிவிட்டதை யாரோ பாதியில் பிடித்து நிறுத்தியதுபோல நின்றது. அதன் அடியில் போகச் சுடலைக்கண்ணுக்குக் கால் வரவில்லை.

"பயப்படாம வாங்க. நான் முட்டையை விட்டு வந்த நாள்லேருந்து இது இப்படித்தான் நிக்குது" என்றது ஓணான். அது உண்மை. கல்லைப் பற்றி அது சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். சுடலைக்கண்ணுவும் நம்பினான்.

குன்று முடிந்ததும் நிலம் சட்டென்று சிவந்துவிட்டது. கண்ணுக்கு எட்டின மட்டும் செம்மணல் மேடுகள். அதைத்தான் அந்தப் பக்கத்தில் தேரி என்பார்கள். காற்று அடித்தால் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். பனைமரங்கள் கழுத்து வரை புதைந்து, ஓலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஆவுடைத்தாய்க்கு அது அழகாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

தேரியைச் சுற்றி ஒரு வண்டித்தடம் போனது. அதில் போனால் மறுநாள்தான் கடல். குறுக்கே போனால் பொழுது சாய்வதற்குள் போய்விடலாம்.

செவலை முன்காலால் மணலைத் தட்டிப் பார்த்தான். "அக்கா, சுத்துவழியே போவோம். இந்த மண்ணு என் காலுக்கு ஒப்பலை."

"உப்பு உப்புன்னு பறந்தவன் நீதானே" என்ற சுடலைக்கண்ணு, ஓணான் பக்கம் திரும்பினான். "நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. குறுக்கே போலாமா? மண்ணு வண்டியைத் தாங்குமா?"

ஓணான் ஒரு நாளும் அந்த மணலில் கால் வைத்ததில்லை. கடைசிக் கல்லோடு அதன் உலகம் முடிந்தது. தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தது. சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, தொண்டை புடைத்துக்கொண்டு நின்றது. காலையிலிருந்து அண்ணாச்சி, அண்ணாச்சி என்று வாய் நிறையக் கூப்பிட்ட மூன்று பேரும் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது போய்த் தெரியாது என்றால் மரியாதை என்ன ஆவது? வந்த சொல்லை அப்படியே விழுங்கிவிட்டு, மேலும் கீழும் தலையை ஆட்டியது.

"பாத்தியா, அண்ணாச்சியே சொல்லிட்டாரு" என்றான் சுடலைக்கண்ணு.

ஓணான் இறங்கிக் கடைசிக் கல்லில் உட்கார்ந்துகொண்டது. மணலில் பாரம் இழுப்பது கஷ்டம் என்று புருஷனும் பெண்டாட்டியும் இறங்கி வண்டிக்குப் பின்னால் நடந்தார்கள். கொஞ்ச தூரத்தில் பனையோலைகள் வட்டமாக நின்ற ஒரு தட்டையான இடம் வந்தது. அடிக்கிற காற்றிலும் அந்த இடத்தில் மணல் மட்டும் பறக்கவில்லை. அது ஏன் என்று யாருக்கும் தோன்றவில்லை.

செவலை அதில் கால் வைத்தான். முன்கால் இரண்டும் முழங்கால் வரை உள்ளே போயின. இழுத்தான், வயிறு வரை போனான். சுற்றிலும் சிவப்பாகத் தண்ணீர் கசிந்தது. அங்கே ஒரு குளம் இருந்திருக்கிறது. காற்று மணலை வாரிப் போட்டு, ஆடை படிந்த பால்போல அதை மூடி வைத்திருக்கிறது.

சுடலைக்கண்ணு பாய்ந்து, காளையை நுகத்தோடு பிணைத்திருந்த பூட்டாங்கயிற்றை அறுத்துவிட்டான். ஆவுடைத்தாய் கரையில் குப்புற விழுந்து மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். செவலை அவளைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பிக் கல்லின் மேல் இருந்த ஓணானைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, வலப்பக்கம் தரை இருக்கா? அங்க காலை எடுத்து வைக்கட்டா?"

ஓணான் கல்லின் விளிம்புக்கு ஓடி வந்தது. தெரியாது, எனக்கு ஒன்றுமே தெரியாது என்று கத்தப் பார்த்தது. நாக்கு எழவில்லை. ஆயுசில் ஒரு தரமாவது சொல்லிப் பழகியிருந்தால்தானே அந்தச் சொல் இப்போது வரும்? தலை தன் பாட்டுக்கு மேலும் கீழும் ஆடியது.

செவலை நம்பி வலப்பக்கம் காலை வைத்தான். அங்கேதான் ஆழம்.

அறுந்த கயிறு ஆவுடைத்தாயின் கையிலேயே இருந்தது. மறுமுனையில் ஒன்றும் இல்லை. மணல் மறுபடியும் தட்டையாக, ஒன்றுமே நடக்காததுபோலக் கிடந்தது. அவளுக்கு அழுகைகூட வரவில்லை. இப்போதுதானே பேசினான், இப்போதுதானே பேசினான் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். சுடலைக்கண்ணு வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பிறகு அவள் எழுந்து வந்து அந்தக் கல்லின் முன்னால் நின்றாள். முகமெல்லாம் செம்மண். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"அண்ணாச்சி, அந்த மண்ணுல நீங்க ஒருதரமாவது கால் வச்சிருக்கீங்களா?"

இல்லை தாயி என்று சொல்ல வாயைத் திறந்தது ஓணான். தொண்டை புடைத்துச் சிவந்தது. சத்தம் வரவில்லை. அவள் முகத்துக்கு நேராக, மேலும் கீழும், ஆமாம் ஆமாம் என்று தலை ஆடியது. ஆவுடைத்தாய் அதைப் பார்த்தாள். அப்புறம் கயிற்றைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டு, புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டாள். கடலை அவர்கள் கடைசிவரை பார்க்கவில்லை.

ஓணானுக்குப் பேச்சு நின்றது அன்று முதல்தான். வழியோரத்துக் கல்லிலும் வேலியிலும் ஏறி நின்று, தொண்டை சிவக்க, போகிறவர் வருகிறவரை எல்லாம் பார்த்து இன்றைக்கும் தலையாட்டிக்கொண்டிருக்கிறது. எனக்குத் தெரியாது, போகாதீர்கள் என்றுதான் அது சொல்லப் பார்க்கிறது. தலைக்கு ஆமாம் மட்டும்தான் வருகிறது.